கசப்புக்கு ஓர் அளவுகோல்: நாக்குக்குத் தெரிவதும் தெரியாததும்

மலாக்கா மாணவர்களுக்குக் கூலா மலாக்காவைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. செண்டோலில் ஊற்றும் அந்தக் கரும்பழுப்புப் பாகை ஒரு கரண்டி வாயில் விட்டதுமே, "இது அசல்", "இதில் சீனி கலந்திருக்கிறான்" என்று தீர்ப்புச் சொல்லிவிடும் பாட்டிகள் ஜாசினிலும் அலோர் காஜாவிலும் இன்றும் இருக்கிறார்கள். எப்படித் தெரிந்தது என்று கேட்டுப் பாருங்கள். "வாயில போட்டா தெரியாதா?" என்பதுதான் பதிலாக வரும்.

இந்த வாரம் அந்தப் பதிலைத்தான் ஆராயப் போகிறோம். வாயில் போட்டால் என்னென்ன தெரியும்? எது தெரியவே தெரியாது?

இதற்கு நாம் எடுத்துக்கொள்ளும் பொருள் உங்களுக்குச் சற்று வியப்பாக இருக்கலாம். அது பீர். அதிலும், சிறிய ஆலைகளில் காய்ச்சப்படும், கசப்பும் போதையும் மிகுந்த வகை. மலேசியாவில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக்கூடாது என்பது 2017 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும் சட்டம். ஆகவே இது குடித்துப் பார்க்கச் சொல்லும் கட்டுரை இல்லை. ஆனால், நீங்கள் அறிவியல் பாடத்தில் பயன்படுத்தும் கருவிகளில் சில பீர் ஆலைகளில் பிறந்தவை. அமிலம், காரம் பார்க்க உதவும் பி.எச். அளவுகோலை 1909-இல் வகுத்தவர் சோரன் சோரென்சன். அவர் வேலை பார்த்தது டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில். புள்ளியியலில் வரும் டி-சோதனையை 1908-இல் வெளியிட்ட வில்லியம் கோசெட், டப்ளின் நகரின் கின்னஸ் ஆலையில் வேலை பார்த்தவர். ஆலையின் இரகசியம் வெளியே போகக்கூடாது என்பதால் சொந்தப் பெயரைப் போடாமல் 'மாணவன்' என்ற புனைபெயரில் எழுதினார். சுவையை அளக்க முயன்றவர்கள் அறிவியலுக்குக் கொடுத்த கொடை இவை.

ஒரே பாளை

பீருக்குப் போகும் முன் நம் ஊர்த் தென்னை மரத்தடியில் சற்று நிற்போம்.

மலாயாவில் வணிக முறையில் முதலில் ரப்பர் பயிரிட்டவர் டான் சாய் யான். ஆண்டு 1896. இடம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங். பிறகு புக்கிட் அசஹானில் பெரிய அளவில் நட்டார். அதைத் தொடர்ந்து நாடெங்கும் தோட்டங்கள் எழுந்தன. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் பால்மரம் வெட்டினார்கள். லயங்கள் வந்தன, மாரியம்மன் கோயில் வந்தது, தமிழ்ப்பள்ளி வந்தது. கூடவே கள்ளுக்கடையும் வந்தது. காலையெல்லாம் பால் வெட்டிச் சம்பாதித்த கூலியில் ஒரு பங்கு மாலையில் அந்தக் கடைக்குப் போனது. பொறுத்தது போதும் என்று 1947-இல் கெடாவின் பீடோங் வட்டாரத்தில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்துத் திரண்டார்கள். அந்தப் போராட்டம் மலேசியத் தமிழர் வரலாற்றில் இடம்பெற்ற ஒன்று. உங்கள் தாத்தா, பாட்டியிடம் கேட்டால் தோட்டத்துக் கள்ளுக்கடையைப் பற்றி ஏதாவது ஒரு கதை இருக்கும். சிரிக்க வைக்கும் கதையாகவும் இருக்கலாம், சொல்லத் தயங்கும் கதையாகவும் இருக்கலாம்.

அந்தக் கள்ளும் செண்டோலில் நீங்கள் உண்ணும் கூலா மலாக்காவும் உடன்பிறப்புகள். இரண்டும் தென்னம்பாளையிலிருந்து சொட்டும் ஒரே சாற்றில் பிறப்பவை. விரியாத பாளையைக் கட்டி, தட்டிப் பதப்படுத்தி, நுனியை மெல்லியதாகச் சீவிவிட்டால் சாறு சொட்டும். சொட்டும்போது அது நல்ல இனிப்பு. நூறு கிராமில் சுமார் 15 கிராம் சர்க்கரை. உடனே அடுப்பில் ஏற்றி நீரை வற்றவைத்து மூங்கில் குழாயில் ஊற்றினால் கூலா மலாக்கா. ஒரு கிலோ வெல்லத்துக்கு எவ்வளவு சாறு வேண்டும் என்று நீங்களே கணக்குப் போடலாம்: ஏறக்குறைய 7 கிலோ. அசல் சரக்கு ஏன் விலை கூடுதல் என்பதும், சிலர் ஏன் கரும்புச் சீனியைக் கலக்கிறார்கள் என்பதும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

அடுப்பில் ஏற்றாமல் விட்டால்? காற்றிலும் பானையிலும் இருக்கும் ஈஸ்ட் என்ற ஒற்றைச்செல் உயிர் சர்க்கரையைத் தின்னத் தொடங்கும். சர்க்கரை எத்தனாலாகவும் கரியமில வாயுவாகவும் பிரியும். 180 கிராம் குளுக்கோஸ் முழுவதும் நொதித்தால் 92 கிராம் எத்தனால், 88 கிராம் வாயு. பானை நுரைப்பது அந்த வாயுவினால். சில மணி நேரத்திலேயே கள். வழக்கமாக அதில் நூற்றுக்கு 4 முதல் 6 பங்கு வரை எத்தனால் இருக்கும். கூடவே பாக்டீரியாக்களும் நுழைந்து அமிலம் சுரக்கும். மறுநாளே புளிப்பேறிவிடும். இன்னும் சில நாள் விட்டால் காடி. நொதிப்பதைத் தடுக்கப் பானையின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவதும் உண்டு. தமிழ்நாட்டில் பதநீர் இறக்குவது அப்படித்தான். சுண்ணாம்பு காரம். காரத்தில் ஈஸ்ட்டுக்கு வேலை ஓடாது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இனிப்பு, நுரைப்பு, புளிப்பு என்று சாறு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை நாக்கு தெளிவாகச் சொல்கிறது. சர்க்கரையையும் அமிலத்தையும் கண்டுபிடிப்பதில் நாக்கு கெட்டிக்காரன். இது நினைவில் இருக்கட்டும்.

கசப்பு எங்கிருந்து வந்தது?

கள்ளில் கசப்பு இல்லை. பீரில் உண்டு. பீர் என்பது வாற்கோதுமையை முளைகட்டி, உலர்த்தி, வெந்நீரில் ஊறவைத்து, அந்த இனிப்புச் சாற்றை ஈஸ்ட்டிடம் ஒப்படைப்பது. வெறும் இதை மட்டும் செய்தால் திகட்டும். கள்ளைப்போல் விரைவில் புளித்தும் போகும். இதற்கு ஐரோப்பியர்கள் கண்ட வழி ஹாப் என்ற கொடியின் பூ. குளிர் நாடுகளில் கம்பியில் ஏறி 5, 6 மீட்டர் வளரும் கொடி அது. பெண் கொடியின் பூங்கூம்பைப் பிய்த்தால் உள்ளே மஞ்சள் துகள் ஒட்டியிருக்கும். கசப்பும் மணமும் அந்தத் துகளில்தான்.

சுவையான வேதியியல் இனிமேல்தான் வருகிறது. அந்தத் துகளில் இருக்கும் அல்ஃபா அமிலங்கள் அப்படியே நீரில் சரியாகக் கரைவதில்லை. ஒரு மணி நேரம் கொதிக்கவைத்தால் அவற்றின் மூலக்கூறு உள்ளுக்குள்ளேயே தன் அமைப்பை மாற்றிக்கொள்கிறது. அணுக்கள் அதே எண்ணிக்கை, ஒன்றும் கூடவில்லை, குறையவில்லை. அடுக்கப்பட்ட விதம் மட்டும் வேறு. வேதியியலில் ஐசோமர் என்று படிப்பீர்களே, அதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. புதிய அமைப்பு நன்றாகக் கரைகிறது, நன்றாகவும் கசக்கிறது. பீரின் மேல் நுரை நெடுநேரம் நிற்பதற்கும் இதுவே ஒரு காரணம். லாக்டிக் அமில பாக்டீரியாக்களின் வளர்ச்சியையும் இது தடுக்கிறது. கள் மறுநாளே புளிக்கும்போது பீர் மாதக்கணக்கில் கெடாமல் இருப்பதில் இந்தக் கசப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

இன்று உலகெங்கும் சிறு ஆலைகள் போட்டி போட்டுக்கொண்டு காய்ச்சும் கசப்பு பீர் வகைக்கு 'இந்தியா பேல் ஏல்' என்று பெயர். இந்தியாவில் காய்ச்சியது இல்லை, இந்தியாவுக்குக் கப்பலேறியது. லண்டனில் போ என்ற இடத்தில் ஹாட்சன் என்பவரின் ஆலை இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் நிற்கும் துறைக்குப் பக்கம் என்பதால் கப்பல்காரர்கள் அங்கே பீர் வாங்கிக் கல்கத்தாவிலும் சென்னையிலும் இருந்த வெள்ளைக்காரர்களுக்கு விற்றார்கள். மாதக்கணக்கான பயணம், வெயில், ஆட்டம். ஹாப் நிறைய போட்டது தாங்கியது. இந்த நீண்ட பயணத்துக்காகவே புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது என்று அடிக்கடி எழுதுகிறார்கள். அது கொஞ்சம் மிகை. கறுப்பு நிறப் போர்ட்டர் பீரும் அதே கப்பல்களில் நல்லபடியாகத்தான் வந்து சேர்ந்தது.

கசப்பை அளப்பது எப்படி? பாட்டியிடம் கேட்டால் "பாவக்கா கசப்பு", "வேப்பம்பூ கசப்பு" என்பார். தோட்டத்தில் மலேரியாக் காய்ச்சல் கண்ட காலத்தில் கொயினா மாத்திரை விழுங்கியவர்களுக்கு அதுவே கசப்பின் உச்சம். ஆலைக்காரர்களுக்கு எண் வேண்டும். பீரில் கொஞ்சம் அமிலம் சேர்த்து, ஐசோ-ஆக்டேன் என்ற கரைப்பானோடு குலுக்கினால் கசப்புப் பொருள் கரைப்பானுக்குள் வந்துவிடும். அதன் வழியே 275 நானோமீட்டர் அலைநீளமுள்ள புறஊதா ஒளியைச் செலுத்தி, எவ்வளவு ஒளி உறிஞ்சப்பட்டது என்று பார்த்து, அந்த எண்ணை 50-ஆல் பெருக்குவார்கள். வருவது கசப்பு அலகு. ஓர் அலகு என்பது ஏறக்குறைய ஒரு லிட்டரில் ஒரு மில்லிகிராம் கசப்புப் பொருள். சாதாரண மென்பீரில் 10 அலகு அளவில் இருக்கும். இந்தியா பேல் ஏலில் 40 முதல் 70.

நாக்கின் கணக்கு வேறு. இனிப்பை உணர நாக்கில் பெரும்பாலும் ஒரே வகை உணர்வேற்பிதான் உண்டு. கசப்புக்கோ சுமார் 25 வகை. தாவரங்களின் நஞ்சுகளில் பல கசக்கும். நஞ்சு பல வகை என்பதால் காவல்காரர்களும் பல வகை. இந்தக் காவல்காரர்கள் எல்லாரிடமும் ஒரே மாதிரி இல்லை. 1931-இல் அமெரிக்க வேதியியலாளர் ஆர்தர் ஃபாக்ஸ், பி.டி.சி. என்ற பொடியைக் கையாண்டபோது அது காற்றில் பறந்தது. பக்கத்தில் இருந்தவர் "ஐயோ கசக்கிறது" என்றார். ஃபாக்ஸுக்கு ஒன்றுமே தெரியவில்லை. இருவரில் யாரும் பொய் சொல்லவில்லை. மரபணுவில் இருந்த வேறுபாடுதான் காரணம். வீட்டில் பாகற்காய் குழம்பை உங்கள் தங்கை தொடவே மாட்டேன் என்று அடம்பிடித்தால், அவளுடைய நாக்கு உங்களுடைய நாக்காக இல்லாமலும் இருக்கலாம் என்று எண்ணிப் பாருங்கள். நாக்கின் நுனியில் இனிப்பு, பின்புறம் கசப்பு என்று பழைய புத்தகங்களில் ஒரு படம் இருக்கும். அது தவறு. எல்லாச் சுவையும் நாக்கில் பெரும்பாலான இடங்களில் உணரப்படுகிறது.

இன்னொன்று, இனிப்பு கசப்பை மறைக்கும். முளைதானியம் நிறைய போட்ட, பாகுபோல் கனமான பீரில் 60 அலகு கசப்பு இருந்தாலும், நீர்த்த பீரின் 40 அலகைவிடக் குறைவாகத் தோன்றலாம். கருவி ஒன்றைச் சொல்லும், நாக்கு வேறொன்றைச் சொல்லும். அதனால்தான் ஆலைகள் கருவியையும் வைத்துக்கொள்கின்றன, சுவைப்பவர்களையும் வைத்துக்கொள்கின்றன.

மூக்கு செய்யும் வேலை

சுவைப்பதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் உடனே குடித்துவிட மாட்டார்கள். முதலில் பார்ப்பார்கள்: நிறம், தெளிவு, நுரை. பிறகு முகர்வார்கள். கோப்பையின் வாய் குறுகலாக இருந்தால் மணம் கலைந்து போகாது. மிகவும் குளிர்ந்திருந்தால் மணம் எழாது. கடையில் ஐஸ் போட்டுக் கொடுக்கும் எந்தப் பானத்துக்கும் இது பொருந்தும். ஹாப்பின் மணத்தில் மிர்சீன் இருக்கிறது. அது மாம்பழத்திலும் செராயிலும் உண்டு. லினலூல் இருக்கிறது, அது நம் கொத்தமல்லி விதையின் முக்கிய மணப்பொருள். ஒரு சுவைஞர் கசப்பு பீரை முகர்ந்து "மாம்பழம், எலுமிச்சைத் தோல்" என்று எழுதினால் அது வெறும் அலங்காரப் பேச்சு என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலும் அதே மூலக்கூறு அங்கே இருக்கும்.

பிறகுதான் ஒரு வாய். கசப்பு மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும் என்பதால் காத்திருந்து குறித்துக்கொள்வார்கள். அடுத்ததற்கு முன் நீரும் வெறும் ரொட்டியும். ஒரே அமர்வில் சில கோப்பைகளுக்கு மேல் போவதில்லை. நாக்கும் களைக்கும்.

நாம் 'சுவை' என்று சொல்வதில் பெரும்பங்கு மூக்கினுடையது. இதற்கு ஒரு சோதனை: கண்ணை மூடி, மூக்கை நன்றாகப் பிடித்துக்கொண்டு கூலா மலாக்கா ஒரு துண்டை வாயில் போடுங்கள். வெறும் இனிப்பு மட்டும் தெரியும். இப்போது மூக்கை விடுங்கள். புகையும் கருகலும் தேங்காயும் கலந்த அந்த மணம் சட்டென்று வந்து நிறையும். அது வெளியிலிருந்து வரவில்லை. தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறுகிறது.

சுவைஞர்களின் முக்கியமான வேலை, குறை கண்டுபிடிப்பது. வெண்ணெய் மணம் வந்தால் ஈஸ்ட் தன் வேலையை முடிக்கவில்லை. வெந்த சோள மணம் வந்தால் கொதிப்பு போதவில்லை என்று பொருள் கொள்ளலாம். ஈர அட்டைப்பெட்டி நாற்றம் என்றால் காற்றுப் பட்டுப் பழசாகிவிட்டது. வெயிலில் வைத்த புட்டியில் வேறொரு நாற்றம் வரும். ஒளி பட்டதும் ஹாப்பின் கசப்பு மூலக்கூறு உடைந்து கந்தகம் கொண்ட ஒரு சேர்மம் உண்டாகிறது. பீர்ப் புட்டிகள் பெரும்பாலும் பழுப்பு நிறத்தில் இருப்பது இதற்காகத்தான். இந்தச் சேர்மத்தை மனித மூக்கு ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே பிடித்துவிடும். ஒலிம்பிக் நீச்சல் குளத்தில் 25 லட்சம் லிட்டர் நீர் இருக்கிறது என்று வையுங்கள். அதில் அரை அரிசி எடைக்கு, அதாவது பத்து மில்லிகிராம், கரைத்தாலே போதும். கந்தகச் சேர்மங்கள் என்றால் நம் மூக்கு அவ்வளவு கூர்மை. துரியான் எந்த வீட்டில் இருக்கிறது என்று தெருமுனையிலேயே தெரிவதும், சமையல் எரிவாயுவில் கசிவு தெரிவதற்காக அப்படிப்பட்ட ஒரு பொருளைச் சேர்ப்பதும் இதே காரணத்தால்.

ஆனால் ஒருவர் "எனக்குத் தெரிகிறது" என்று சொல்வதை எப்படி நம்புவது? இதற்கு 1940-களில் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆலையில் ஒரு எளிய வழியை உருவாக்கினார்கள். அதன் பெயர் முக்கோணச் சோதனை. மூன்று கோப்பை, இரண்டில் ஒன்றே, ஒன்றில் மட்டும் வேறு. எது வேறு என்று சொல்ல வேண்டும். எது நன்றாக இருக்கிறது என்ற கேள்வியே இல்லை. ஒன்றும் தெரியாமல் கண்மூடித்தனமாகச் சொன்னாலும் மூன்றில் ஒரு முறை சரியாகிவிடும். ஆகவே அதைவிட எவ்வளவு கூடுதல் என்று பார்க்க வேண்டும்.

நீங்கள் வகுப்பில் இதைச் செய்யலாம். அசல் கூலா மலாக்காவைக் கரைத்துப் பாகு எடுங்கள். அதே இனிப்புக்குக் கரும்புச் சீனி பாதி கலந்த இன்னொரு பாகும் எடுங்கள். நிறம் காட்டிக்கொடுக்கும் என்பதால் கண்ணைக் கட்டிவிடுவது நல்லது. எந்தக் கோப்பை முதலில், எது கடைசியில் என்பதை ஒவ்வொருவருக்கும் மாற்றிக்கொண்டே இருங்கள். 12 பேர் சுவைத்தால் குருட்டு யோசனையில் 4 பேர் சரியாகச் சொல்லக்கூடும். 8 பேரோ அதற்கு மேலோ சரியாகச் சொன்னால்தான் வேறுபாடு உண்மையிலேயே தெரிகிறது என்று கொள்ளலாம். ஏனென்றால் தற்செயலாக 8 பேர் சரியாகச் சொல்வதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 2 அளவுதான். பாட்டியையும் சோதிக்கலாம், அவர் சம்மதித்தால். ஒரே ஆளை ஆறு முறை சுவைக்கச் சொன்னால் ஐந்து முறையாவது சரியாக வர வேண்டும்.

நாக்கு ஏமாறும் இடம்

இவ்வளவு கூர்மையான நாக்கும் மூக்கும் ஒரு கேள்வியில் தோற்றுவிடுகின்றன: இதில் எத்தனால் எவ்வளவு?

ஆலையில் இதை நாக்கிடம் கேட்பதே இல்லை; திரவமானியிடம் கேட்கிறார்கள். சர்க்கரை கரைந்த சாறு நீரைவிடக் கனம். நொதித்துச் சர்க்கரை குறையக் குறைய அடர்த்தியும் குறையும். தொடக்க அடர்த்தியிலிருந்து இறுதி அடர்த்தியைக் கழித்து 131-ஆல் பெருக்கினால் எத்தனால் நூற்றுக்கு எத்தனை என்று ஏறக்குறைய வந்துவிடும். சாதாரண பீர்: 1.050 தொடக்கம், 1.012 முடிவு, விடை 5. கசப்பும் கனமும் கூடியது: 1.075 தொடக்கம், 1.014 முடிவு, விடை 8. இப்போது 320 மில்லிலிட்டர் டின் ஒன்றைக் கணக்கிடுங்கள். முதல் வகையில் சுமார் 13 கிராம் எத்தனால். இரண்டாவதில் சுமார் 20 கிராம். டின் ஒன்றுதான். உடலுக்குள் போவது ஒன்றரை மடங்குக்கு மேல்.

குடிப்பவர் இதை உணர்வாரா? பெரும்பாலும் உணர மாட்டார். முளைதானியத்தின் இனிப்பும் ஹாப்பின் கசப்பும் பழ மணமும் எத்தனாலின் எரிச்சலை மூடிவிடும். அப்படி மூடத் தெரிந்தவரைத்தான் கைதேர்ந்த காய்ச்சுபவர் என்று சுவைஞர்கள் பாராட்டுகிறார்கள் என்பது வேடிக்கை. கள்ளிலும் இதே கதைதான். "இன்னிக்குக் கள்ளு லேசா இருக்கு" என்று ஒருவர் சொன்னால் அவர் நாக்கு உணர்வது மிச்சமிருக்கும் இனிப்பையும் புளிப்பையும். எத்தனால் கணக்கு அவர் நாக்குக்குத் தெரியாது. அந்தக் கணக்கை இரத்தம் வைத்திருக்கும். 2020 அக்டோபர் முதல் நம் நாட்டில் வாகனம் ஓட்டுபவரின் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராமுக்கு மேல் எத்தனால் இருக்கக்கூடாது. முன்பு 80 ஆக இருந்தது.

எத்தனாலின் அளவாவது புட்டியின் மேல் அச்சிட்டிருக்கும். இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. அது மெத்தனால்.

எத்தனாலில் இரண்டு கரி அணுக்கள், மெத்தனாலில் ஒன்று. தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்படும் மலிவான பொருள். நிறமில்லை, மணமும் சுவையும் எத்தனாலைப் போலவே. பழச்சாறு நொதிக்கும்போது மிகச் சிறிய அளவில் தானாகவும் உண்டாகும், அது ஆபத்தில்லை. ஆளைக் கொல்வது, இலாபத்துக்காகச் சம்சுவிலும் போலி மதுவிலும் யாரோ ஊற்றும் மெத்தனால்தான். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மலிவு மது குடித்த 30-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பலர் பிழைப்புத் தேடி வந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள். 2024 ஜூனில் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் இறந்தவர்கள் 60-க்கும் மேல். குடித்தவர்களில் ஒருவருக்குக்கூட நாக்கு எச்சரிக்கவில்லை. வெயில் பட்ட பீரின் கந்தகத்தை நீச்சல் குளத்தில் அரை அரிசி அளவுக்குக் கண்டுபிடிக்கும் அதே மூக்குதான், கோப்பையில் பாதி மெத்தனால் இருந்தாலும் வாயை மூடிக்கொண்டிருக்கிறது. தாவர நஞ்சுக்கு 25 காவல்காரர்கள். இதற்கு ஒருவரும் இல்லை.

"தீ வைத்துப் பார்த்தால் தெரியும், நீலமாக எரிந்தால் நல்லது" என்று சிலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். நம்பாதீர்கள். இரண்டும் நீலமாகத்தான் எரியும். கலந்திருந்தால் கண்ணால் பிரிக்கவே முடியாது.

மெத்தனால் உள்ளே போனதும் உடனே கொல்வதில்லை. கல்லீரலின் நொதி ஒன்று அதை முதலில் ஃபார்மால்டிஹைடாக மாற்றுகிறது. பிறகு அது ஃபார்மிக் அமிலமாகிறது. நஞ்சு அந்த அமிலம்தான். செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்துவதை அது நிறுத்துகிறது. கண் நரம்பு முதலில் பாதிக்கப்படும் உறுப்புகளில் ஒன்று. இந்த மாற்றம் நடக்க நேரம் ஆகும். ஆகவே குடித்தவர் அரை நாள், சில வேளை ஒரு நாள் வரைகூட வெறும் போதையில் இருப்பதுபோல் தெரிவார். வீட்டில் இருப்பவர்களும் "தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்" என்று விட்டுவிடுவார்கள். அந்த அரை நாளில்தான் உயிர் போகிறது.

மருத்துவமனையில் கொடுக்கும் மருந்துகளில் ஒன்று, வியப்பாக இருக்கும், எத்தனாலேதான். அதே நொதி மெத்தனாலைவிட எத்தனாலை விரும்பிப் பிடித்துக்கொள்ளும். நொதி எத்தனாலோடு வேலையாக இருக்கும் நேரத்தில் மெத்தனால் மாறாமலே சிறுநீர் வழியாகவும் இரத்தச் சுத்திகரிப்பு வழியாகவும் வெளியேற்றப்படும். ஃபோமெபிசோல் என்ற மருந்தும் அந்த நொதியைத் தடுத்துவிடும். மருத்துவர் இரத்த அளவைப் பார்த்துப் பார்த்துக் கொடுக்கும் சிகிச்சை இது. வீட்டில் இன்னொரு கோப்பை ஊற்றிக் கொடுப்பது சிகிச்சை இல்லை.

உங்கள் வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ மது குடித்த ஒருவர் மறுநாள் வயிற்று வலி, வாந்தி, மூச்சிரைப்பு என்று சொன்னால், குறிப்பாகக் கண்முன் வெள்ளை மூட்டமாகத் தெரிகிறது என்று சொன்னால், காத்திருக்காமல் 999-ஐ அழையுங்கள். குடித்ததை மறைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். மிச்சமிருக்கும் புட்டியைக் கொட்டிவிடாமல் கூடவே எடுத்துப் போங்கள். ஆய்வுக்கூடத்தில் வாயு நிறப்பிரிகைக் கருவி என்று ஒன்று உண்டு. ஒரு துளியை ஆவியாக்கி நீண்ட மெல்லிய குழாய் வழியே அனுப்பினால், மெத்தனால் முந்திக்கொண்டு வெளியே வரும், எத்தனால் பின்னால் வரும். வரைபடத்தில் இரண்டும் தனித்தனி மேடுகளாக எழும்.